சுக்கான் யார் கையில்?

தமிழ் வகுப்பில் ஒரு நாள், பாடத்தின் நடுவே, தொல்காப்பியத்து அகத்திணையியலில் வரும் ஒரு நூற்பாவைத் தமிழம்மா எடுத்துரைத்தார். கடல் கடந்து செல்லும் தலைவன் தலைவியை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் அதற்கு வேறு வேறு பொருள் காண்பதும் உண்டு என்றார். நாங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "அம்மா, கரீபியன் கடலில் கணவனும் மனைவியுமாகச் சொந்தப் படகிலேயே குடியிருந்து தீவுக்குத் தீவு போகிறவர்களைப் பற்றி நூலகத்தில் ஒரு புத்தகம் இருக்கிறதே, அவர்கள் என்ன செய்வது?"

வகுப்பே சிரித்தது. தமிழம்மாவும் சிரித்தார். "தொல்காப்பியர் அவர்களுக்கு விதி எழுதவில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதுங்கள்" என்றார். மணி அடித்துவிட்டது.

ஆண்டு மலருக்கு என்ன எழுதுவது என்று விழித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தச் சொல் போதுமானதாயிற்று. நண்பகல் உணவு வேளையில் நாவல் மரத்தடியில் இரு கட்சிகள் தோன்றின. "கொடுத்து வைத்தவர்கள்! நினைத்தால் பாயை விரிக்கலாம், நினைத்தால் நங்கூரம் போடலாம்" என்றது ஒரு கட்சி. "வீடு வாசல், உற்றார் உறவினர் யாரும் இன்றிப் பத்தடி அகல மரப்பெட்டிக்குள் அடைந்து கிடப்பதும் ஒரு வாழ்வா?" என்றது மறு கட்சி. நூலகத்திலிருந்து கிடைத்தவற்றையெல்லாம் படித்த பின்னர், இரு கட்சியும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அந்தப் படகின் சுக்கான் யார் கையில்? கணவன் கையில் மட்டுமா, மனைவியின் கையிலுமா? இதைப் பொறுத்தே அந்த வாழ்வு இன்பமா துன்பமா என்பதும், சில வேளைகளில் உயிரா சாவா என்பதும் அமைகின்றன.

முதலில் அந்தக் கடலைச் சற்றே பார்ப்போம். தேசப்படத்தில் போர்ட்டோ ரிக்கோவுக்குக் கிழக்கே தொடங்கித் தென் அமெரிக்காவின் வட கரையை நோக்கி வில்லைப்போல் வளைந்து இறங்கும் தீவு வரிசை ஒன்று உண்டு. ஆன்டிகுவா, குவாதலூப், டொமினிக்கா, மார்டினிக், செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெரும்பாலும் ஒரு தீவுக்கும் அடுத்த தீவுக்கும் இடையே இருபது முப்பது மைல்தான். காலையில் நங்கூரம் தூக்கினால் மாலைக்குள் அடுத்த தீவின் குடாவில் நங்கூரம் போடலாம். டொமினிக்காவைக் கொலம்பஸ் 1493-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் கண்டார். அன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் அத்தீவுக்கு அந்தப் பெயரையே இட்டார். செயின்ட் லூசியாவோ புனித லூசியாவின் பெயரைத் தாங்கி நிற்பது. உண்மையில் வாழ்ந்த பெண்ணொருத்தியின் பெயரைக் கொண்ட நாடு உலகிலேயே இது ஒன்றுதான் என்பர். எங்கள் கட்சிக்கு இது ஒரு நல்ல சகுனம்!

அங்கே ஆண்டின் பெரும்பகுதியும் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வியாபாரக் காற்று வீசுகிறது. நம் மீனவர் கொண்டல் என்று சொல்லும் கீழ்க்காற்றுத்தான் அங்கே அரசன். தீவுகளோ எரிமலைகள் கக்கியவை, உயர்ந்தவை. ஆகவே படகு ஒரு தீவின் மேற்குக் கரையோரமாகச் செல்லும்போது மலை காற்றை மறைத்துவிடும். பாய் துவண்டு தொங்கும், கடல் குளம்போல் கிடக்கும், மனைவி தேநீர் போடுவாள். தீவின் முனை தாண்டியதும் கதையே வேறு. இரண்டு மலைகளுக்கு இடையே நெருக்கப்பட்ட காற்று பன்மடங்கு வேகத்தோடு பாய்ந்து வரும். ஆப்பிரிக்கக் கரை வரையில் தடுப்பாரின்றிக் கிடக்கும் அட்லாண்டிக்கின் அலைகளும் அந்த இடைவெளிக்குள் புகுந்து வரும். தேநீர்க் கோப்பை ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். அனுபவசாலிகள் முனையை அடையும் முன்னரே, காற்று அமைதியாக இருக்கும்போதே, பாயைச் சுருக்கிக் கட்டிவிடுவர். எப்போது சுருக்குவது என்பதை அறிவதுதான் பாதிக் கல்வி. இதற்குத் தோள்வலிமை வேண்டுவதில்லை. கண்ணும் கணக்கும் போதும்.

அவர்களுடைய அன்றாட வாழ்வைப் பற்றிப் புத்தகங்கள் கூறுவதில் பாதி அடுப்படிச் செய்திதான். நன்னீர் தங்கத்துக்குச் சமம். கடல்நீரில் பாத்திரம் துலக்கி, கடைசியில் ஒரு குவளை நன்னீரால் அலசுவர். கடலில் குளித்து, ஒரு செம்பு நன்னீரைத் தலையில் ஊற்றிக்கொள்வர். மழை வந்தால் கூடாரத் துணியை விரித்து நீர் பிடிப்பர். இப்போது சூரிய ஒளித் தகடுகளும் கடல்நீரை நன்னீராக்கும் பொறியும் வந்துவிட்டன. ஆனால் பொறி என்று ஒன்று வந்தால் பழுது என்று ஒன்றும் உடன் வரும் அல்லவா? அதைக் கழற்றி மாட்டுவதிலேயே பல நாட்கள் கழிகின்றன. சந்தைக்குப் போக வேண்டுமானால் சிறு தோணியில் கரைக்குத் துடுப்புப் போட வேண்டும். ஆன்டிகுவா முதல் கிரெனடா வரை ஆங்கிலம் பேசும் தீவுகளில் கிழக்குக் கரீபியன் டாலர் செல்லும். 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற கணக்கு மாறவே இல்லை. நடுவில் இருக்கும் மார்டினிக்கும் குவாதலூப்பும் பிரான்சின் பகுதிகளாதலால் அங்கே யூரோ. இல்லத்தரசிக்குக் கணக்கு வராவிட்டால் வெண்டைக்காய் வாங்குவதும் சங்கடந்தான்.

குவாதலூப் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1854 முதல் 1889 வரை அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். புதுவையிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் அவர்களுள் பலர். முத்துசாமி, வீரப்பன் போன்ற பெயர்கள் உருமாறி இன்றும் அங்கே குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. அந்தக் கப்பல்களில் பெண்களும் இருந்தனர். அவர்களுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியோடு வந்தவர்களிலும் பெண்கள் இருந்தனர். விரும்பிப் படகேறுவோரைப் பற்றிப் பேசும்போது, விரும்பாமல் ஏற்றப்பட்டவர்களும் இதே அலைகளின் மேல்தான் வந்தார்கள் என்பது நினைவில் இருக்கட்டும்.

நிற்க. எங்கள் வழக்குக்கு வருவோம்.

ஒரு படகு புதிய நாட்டின் குடாவுக்குள் நுழைந்ததும் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். "நாங்கள் வந்திருக்கிறோம், இன்னும் அனுமதி பெறவில்லை" என்பது அதன் பொருள். பிறகு படகின் தலைவர் மட்டும் கடவுச்சீட்டுகளையும் படகின் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு கரையேறிச் சுங்கத்துக்கும் குடியேற்ற அலுவலகத்துக்கும் செல்ல வேண்டும். மற்றவர்கள் படகிலேயே இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் மஞ்சள் கொடியை இறக்கி அந்த நாட்டின் சிறு கொடியை ஏற்றுவர். அந்தக் கொடிகளைப் பல படகுகளில் மனைவிமாரே தையல் பொறியில் தைக்கின்றனர் என்று படித்து மகிழ்ந்தோம். ஆனால் அலுவலகத்தில் தரும் படிவத்தைப் பாருங்கள். முதலில் தலைவர் பெயர். அதன் கீழே பணியாளர் பெயர். படகில் இருப்பவர் இருவரே. சேர்ந்து சேமித்த பணத்தில் வாங்கிய படகு. என்றாலும் தலைவர் என்ற இடத்தில் கணவர் பெயரும், பணியாளர் என்ற இடத்தில் மனைவி பெயரும் எழுதப்படுவதே பெருவழக்கு. படிவத்தில் யாரேனும் ஒருவர் மேலே இருந்துதான் ஆக வேண்டும், ஒப்புக்கொள்கிறோம். எழுதுவது மையில் மட்டும் நின்றுவிட்டால் எங்களுக்கு வழக்கே இல்லை. அது மனத்திலும் எழுதப்பட்டுவிடுவதுதான் தொல்லை.

நங்கூரம் போடும் வேளையில் இந்தத் தொல்லையைக் கண்ணாரக் காணலாமாம். படகோட்டிகளே இதை எழுதிச் சிரிக்கிறார்கள். படகு குடாவுக்குள் வருகிறது. கணவர் பின்புறத்தில் சக்கரத்தைப் பிடித்து நிற்கிறார். மனைவி முன்புறத்தில், கனத்த இரும்புச் சங்கிலியோடும் நங்கூரத்தோடும் போராடிக்கொண்டிருக்கிறாள். காற்றிலும் இயந்திர ஒலியிலும் அவர் சொல்வது அவளுக்குக் கேட்கவில்லை. அவர் சத்தம் போடுகிறார். அவளும் திரும்பிச் சத்தம் போடுகிறாள். சுற்றியுள்ள படகுகளில் எல்லாரும் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து வேடிக்கை பார்க்கிறார்கள்! தோழியரே, சற்றே எண்ணிப் பாருங்கள். சக்கரத்தைத் திருப்ப வலிமை வேண்டுமா, சங்கிலியைக் கையாள வலிமை வேண்டுமா? வலிமைதான் அளவுகோல் என்றால் கணவர் முன்னே போகவும் மனைவி சக்கரம் பிடிக்கவும் அன்றோ வேண்டும்? பலர் இப்போது அப்படியே மாற்றிக்கொண்டு, கைச்சாடையால் பேசிக்கொள்கிறார்களாம். சண்டையும் குறைந்திருக்கிறது.

இதுவரை சொன்னது சிரிப்புக்குரியது. இனிச் சொல்வது அப்படியன்று.

படகு ஆறு நாட் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளைவிட மெதுவான வேகம். தானியங்கிச் சுக்கான் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கணவர் ஒரு கயிற்றைச் சரிசெய்ய முன்பக்கம் போகிறார். கால் வழுக்குகிறது, அல்லது பாயின் அடியிலுள்ள குறுக்குக்கட்டை திடீரென்று வீசி அடிக்கிறது. அவர் கடலில் விழுகிறார். படகு நிற்காது. அது தன் பாட்டில் போய்க்கொண்டே இருக்கும். நாங்கள் கணக்குப் போட்டோம். ஆறு நாட் என்றால் ஒரு நிமிடத்துக்கு 185 மீட்டர். நம் விளையாட்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றும் தூரத்துக்குச் சற்றே குறைவு. அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுதான் தெரியும், அதுவும் அலையின் முகட்டில் வரும்போது மட்டும்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் படகில் எஞ்சியிருக்கும் ஒரே ஆள் என்ன செய்ய வேண்டும்? மிதவையை எறிய வேண்டும். விழுந்த இடத்தைக் கருவியில் ஒரு பொத்தானை அழுத்திப் பதிய வேண்டும். அவர்மேல் வைத்த கண்ணை எடுக்கக் கூடாது. தானியங்கியை விடுவித்துப் படகைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்த வேண்டும். இயந்திரத்தைக் கிளப்பும் முன் கயிறு எதுவும் நீரில் தொங்கவில்லை என்று பார்க்க வேண்டும், தொங்கினால் சுழலியில் சுற்றிக்கொண்டு இயந்திரமே நின்றுவிடும். வானொலியில் 16-ஆம் அலைவரிசையில் "மேடே" என்று மும்முறை கூறித் தான் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்து அவர் அருகே போய்ச் சேர்ந்த பின்புதான் மிகக் கடினமான வேலை. நனைந்த உடையோடு, களைத்துப்போன, எண்பது கிலோ எடையுள்ள ஒருவரை இடுப்பளவு உயரத்துக்கு மேல் தூக்கிப் படகுக்குள் கொண்டுவர வேண்டும். கையால் எந்தப் பெண்ணாலும் முடியாது, பெரும்பாலான ஆண்களாலும் முடியாது. ஆனால் பாயை ஏற்றும் கயிற்றை அவருடைய கச்சையில் மாட்டி, அதை இழுக்கும் உருளையைச் சுற்றினால் ஒரு பள்ளி மாணவியாலும் முடியும். எந்தக் கயிறு, எந்த உருளை என்று முன்னமே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பாயை ஏற்றுவதும் இறக்குவதும் எப்போதும் அவர் வேலை என்றால் அது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆகவேதான் சொல்கிறோம். மனைவிக்குச் சுக்கான் பிடிக்கத் தெரிந்திருப்பது பெண்ணுரிமைக்காரர்களின் அலங்காரப் பேச்சு அன்று. அது கணவனுக்கான உயிர்க்காப்பு.

இதை நாவல் மரத்தடியில் படித்துக் காட்டியபோது எங்களுள் ஒருத்தி மட்டும் எதுவும் பேசவில்லை. பிறகு அவளே சொன்னாள். சென்ற ஆண்டு ஒரு திருமணத்துக்குப் போய்விட்டு இரவில் காரில் திரும்பும்போது அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. எப்படியோ வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். பக்கத்தில் அம்மா, பின்னால் இவளும் தம்பியும். மூவருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. கைப்பேசியில் அழைத்தவருக்குத் தாங்கள் எந்த ஊருக்கு அருகில் இருக்கிறோம் என்று சொல்லவும் தெரியவில்லை, வழியெல்லாம் அப்பாதானே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் ஒரு லாரி நின்றது. நாற்பது நிமிடம். அப்பா பிழைத்துக்கொண்டார். "அந்த நாற்பது நிமிஷமும் அம்மா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாங்க" என்றாள். அதன் பிறகு கட்சி பிரிந்து பேச யாருக்கும் மனமில்லை.

எங்கள் கருத்துக்கு மறுப்பு இல்லாமல் இல்லை. "ஒரு படகுக்கு ஒரு தலைவன்தான் இருக்க வேண்டும். இருவர் கட்டளையிட்டால் படகு பாறையில்தான் ஏறும்" என்று ஒரு பெற்றோர் கூறினார். உண்மை. சூறைக்காற்று வரும் நொடியில் ஒரே குரல்தான் கட்டளையிட வேண்டும். ஆனால் அந்தக் குரல் எப்போதும் ஒருவருடையதாகவே இருக்க வேண்டும் என்பது எங்கிருந்து வந்தது? இரவுப் பயணத்தில் மூன்று மணி நேரமோ நான்கு மணி நேரமோ ஒருவர் விழித்திருக்க, மற்றவர் உறங்குகிறார். விழித்திருப்பவர்தான் அந்நேரத்துத் தலைவர். எதிரே வரும் கப்பலின் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பார்த்து அது எந்தப் பக்கம் போகிறது என்று முடிவு செய்ய வேண்டியவரும் அவரே. முடிவு செய்யத் தெரியாதவர் காவலுக்கு அமர்ந்தால், உறங்குகிறவர் உறங்குவது எப்படி?

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். குற்றம் கணவன்மாருடையது மட்டும் அன்று. "அதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்வது நமக்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது! கற்றுக்கொள்ளாமல் இருப்பதில் ஓர் ஓய்வு இருக்கிறது. தவறு நேர்ந்தால் பழி நம்மேல் வராது. படகிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்தும் இயந்திரத்தைக் கிளப்பக் கற்காத மனைவியர் உண்டு என்று படிக்கும்போது அவர்களை மட்டும் குறை கூற எங்களுக்கு நா எழவில்லை. எங்களுள் எத்தனை பேருக்கு வீட்டு மின்சாரத்தின் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியும்?

பெண்ணால் ஆகுமா என்று இன்னும் ஐயுறுவோர் ஆன் டேவிசன் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் வரலாற்றைக் கேட்கட்டும். அவர் விமானம் ஓட்டத் தெரிந்தவர். கணவர் ஃபிராங்குடன் சேர்ந்து எழுபதடி நீளமுள்ள பழைய மீன்பிடிப் படகு ஒன்றை வாங்கினார். ரிலையன்ஸ் என்பது அதன் பெயர். அதைச் செப்பனிடுவதற்குள் கடன் கழுத்தை நெரித்தது. 1949-ஆம் ஆண்டு, வேலை முற்றுப்பெறாமலேயே, இருவரும் படகை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கினர். புயலில் அலைக்கழிந்து, இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்லண்டு முனையருகே படகு பாறையில் மோதி நொறுங்கியது. இருவரும் ஒரு மிதவையைப் பற்றிக்கொண்டனர். ஃபிராங்கு அந்த மிதவையிலேயே உயிர்விட்டார். ஆன் மட்டும் கரையேறினார். அவருக்கு இன்னும் நன்றாகப் படகோட்டத் தெரிந்திருந்தால் கணவர் பிழைத்திருப்பாரா? அப்படிச் சொல்ல மாட்டோம். கடல் கற்றவரையும் கொள்ளும்.

வேறொருவராக இருந்தால் கடலின் பக்கமே திரும்பியிருக்க மாட்டார். ஆன் படகு கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். கற்றார். 23 அடி நீளமே உள்ள ஃபெலிசிட்டி ஆன் என்ற படகில் 1952 மே மாதம் பிளிமத்திலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டார். பிரான்சு, போர்ச்சுகல், மொராக்கோ வழியாகக் கானரித் தீவுகளை அடைந்து, நவம்பர் 20-ஆம் நாள் அட்லாண்டிக்கில் இறங்கினார். ஆன்டிகுவாவை அடைவதே அவர் எண்ணம். காற்றும் நீரோட்டமும் தெற்கே தள்ளின. பார்படோசு கண்ணுக்கு எட்டியும் கைக்கு எட்டவில்லை. 1953 ஜனவரி 23-ஆம் நாள், அறுபத்தைந்தாம் நாள், டொமினிக்காவில் கால் வைத்தார். அட்லாண்டிக்கைத் தனியே பாய்மரப் படகில் கடந்த முதல் பெண் அவரே. அப்போது வயது 38. கணவரோடு தொடங்கிய பயணத்தைக் கணவரில்லாமல் முடித்த அந்தக் கடைசி நாளில், டொமினிக்காவின் பச்சை மலைகளைக் கண்டபோது அவர் என்ன நினைத்திருப்பார் என்று எங்களுக்குள் நெடுநேரம் பேசிக்கொண்டோம்.

தம்பதியராகவே சென்று வென்றவர்களும் உண்டு. எரிக், சூசன் ஹிஸ்காக் என்ற ஆங்கிலத் தம்பதியர் 1952 முதல் 1955 வரை 30 அடிப் படகில் உலகைச் சுற்றினர். மேற்கிந்தியத் தீவுகள் வழியாகவே அவர்கள் பனாமா கால்வாயை அடைந்தனர். எரிக்குக் கண்பார்வை மிகக் குறைவு. அந்தப் படகில் சூசன் வெறும் துணை என்று யாரால் சொல்ல முடியும்? நம்மவர் செய்தியும் ஒன்று உண்டு. 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து தாரிணி என்ற பாய்மரப் படகில் நம் கடற்படையின் இரண்டு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றப் புறப்பட்டு 2025 மே மாத இறுதியில் வெற்றியுடன் திரும்பினர். ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த தில்னா, மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. கரீபியன் கடல் அவர்கள் வழியில் இல்லைதான். ஆனால் இருவர் மட்டுமே உள்ள படகில் இருவருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கரீபியன் பெண்களை மறந்தால் நன்றன்று. வெளிநாட்டிலிருந்து படகு கொண்டுவரும் தம்பதியர் அங்கே விருந்தாளிகள். டொமினிக்காவின் பெண் வணிகரோ அந்தக் கடலின் சொந்தக்காரர்கள். வாழையும் எலுமிச்சை இனக் கனிகளும் கிழங்கு வகைகளும் உழவரிடம் வாங்கி, சரக்குப் படகில் ஏற்றி, உடன் சென்று, குவாதலூப்பிலும் ஆன்டிகுவாவிலும் விற்றுவரும் அவர்களைப் பற்றிப் படித்தபோது எங்கள் ஊர்ச் சந்தையில் கூடையோடு வந்திறங்கும் அம்மாக்கள் நினைவுக்கு வந்தனர். அவர்கள் சுக்கான் பிடிப்பதில்லை. ஆனால் எந்தத் தீவில் எப்போது என்ன விலை என்பதை அறிந்தவர்கள், பயணம் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள்.

முடிவு செய்வது என்றதும் புயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயற்காலம். பலர் படகைத் தெற்கே கிரெனடாவுக்குக் கொண்டுபோய்விடுவர். அவ்வளவு தெற்கே புயல் வருவது அரிது என்பது நெடுநாளைய நம்பிக்கை. 1955-இல் ஜேனட் புயல் அடித்த பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. 2004 செப்டம்பரில் ஐவன் வந்தது. கிரெனடாவில் பத்தில் ஒன்பது வீடுகள் சேதமுற்றன. 2024 ஜூலை 1-ஆம் நாள், புயற்காலம் தொடங்கி ஒரு மாதமே ஆன நிலையில், பெரில் புயல் கிரெனடாவைச் சேர்ந்த காரியாக்கு தீவின்மீது நேராக ஏறியது. அலையாத்திக் காடுகளுக்குள் கொண்டுபோய்க் கட்டிவைத்த படகுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. படகோடு இருப்பதா, படகை விட்டுக் கரையேறுவதா, இரண்டு நாள் முன்னரே இன்னும் தெற்கே ஓடிவிடுவதா? வாழ்நாள் சேமிப்பெல்லாம் அந்த ஒரு படகு. இந்த முடிவை ஒருவர் மட்டும் எடுத்து, மற்றவர் தலையாட்டுவது எப்படி நியாயமாகும்? இழப்பு இருவருடையது, உயிரும் இருவருடையது. வானிலை அறிக்கையைப் படிக்க இருவருக்கும் தெரிந்தால்தான் "வேண்டாம்" என்று ஒருவர் சொல்வதற்கு எடை இருக்கும்.

தமிழம்மாவிடம் இந்தக் கட்டுரையைக் காட்டினோம். "நூற்பா நீளமாகிவிட்டதே" என்றார். சந்திப் பிழைகளைத் திருத்தித் தந்தார். சாரணியர் வகுப்பில் கற்ற பௌலைன் முடிச்சைப் படகோட்டிகள் இன்றும் பயன்படுத்துகிறார்கள் என்று அறிந்து, வகுப்பறை ஜன்னல் கம்பியில் அதைக் கட்டிப் பார்த்தோம். பாதிப் பேர் கட்டியது அவிழ்ந்துவிட்டது. மறுபடியும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

காரில் நாற்பது நிமிடம் காத்திருந்த எங்கள் தோழியின் அம்மா சென்ற மாதம் எல்.எல்.ஆர். வாங்கியிருக்கிறார். ஞாயிறுதோறும் காலையில் ஊருக்கு வெளியே உள்ள வெற்றுச் சாலையில் பழகுகிறார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போடுகிறாராம். அம்மாவும் திரும்பிச் சத்தம் போடுகிறாராம். பின் இருக்கையில் இவளும் தம்பியும் வேடிக்கை பார்க்கிறார்கள்.